முந்திரி ஓட்டுக் குவியலும் அஞ்சலையின் சாட்சியும்

போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் வந்து உட்கார்ந்தேன். என் போன் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கோர்ட் டூட்டிக்குப் புதிதாகப் போட்ட பிள்ளைகள் நீங்கள் கூப்பிடுகிறீர்கள். ஊர் வேறு, ஸ்டேஷன் வேறு, கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"சார், கஞ்சா கேஸு. யாரு விக்கிறான்னு ஊருக்கே தெரியும். ஆனா ஆளு கையில எதுவும் சிக்கல. பாத்தேன்னு சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு. நிக்குமா சார்?"

போனில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வைக்கிறேன். வைத்த பிறகு மனசு அடங்குவதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. கோர்ட் வராந்தாவில் நின்று காதால் படித்த படிப்புதான். ஆனால் வராந்தாவில் நிற்கிறவனுக்கு உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத சில விஷயங்கள் கேட்கும்.

இத்தனை சாட்சி இருந்தால்தான் தண்டனை என்று சட்டத்தில் எங்கும் கணக்கு இல்லை. ஒருவர் போதும். அந்த ஒருவரை நம்பும்படி இருக்க வேண்டும். தனி ஒரு ஆளின் வாக்குமூலத்தில் ஆயுள் தண்டனை ஆனதை நான் பார்த்திருக்கிறேன். வேன் வைத்து ஏற்றிப்போன சாட்சிகள் அத்தனை பேரும் கூண்டில் ஏறி இறங்கி, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். கஞ்சா வழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பிடிபட்ட பொருள் கஞ்சாதான் என்று பரிசோதனைக்கூடம் சொல்லிவிடும். அது யாருடையது என்று சொல்லாது. பொருளுக்கும் ஆளுக்கும் நடுவில் முடிச்சுப் போடுவதற்கு ஒரு மனுஷனுடைய வாய்தான் வேண்டியிருக்கிறது. அந்த வாயை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதுதான் விஷயம்.

எனக்கு இந்த வேலையைக் கைமாற்றிவிட்டுப் போன ஏட்டு ஒருவர் இருந்தார். வெற்றிலை போட்ட வாயோடு ஒரே ஒரு பேச்சுச் சொன்னார். "சாட்சிக்கு டீ வாங்கிக் குடு, பன்னு வாங்கிக் குடு. வார்த்தைய மட்டும் நீ குடுக்காத." அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இனி அஞ்சலையின் கதை.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கிராமம். அஞ்சலை புருஷனை இழந்தவர். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுத்துக் கொடுக்கும் வேலை. பக்கத்து வீட்டில் அவருடைய ஓரகத்தி பட்டம்மா, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்பக்கக் கொல்லையும் பொதுவானது. அந்தக் கொல்லையில்தான் அஞ்சலை உடைத்த கொட்டைகளின் ஓட்டைக் குவித்து வைத்திருப்பார். அடுப்பெரிக்க ஆகும், வியாபாரி வந்தால் அள்ளிக்கொண்டும் போவான்.

முந்திரி ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. வெறுங்கையில் பட்டால் தோலை வேக வைத்துவிடும். அந்த வேலை செய்கிற பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் தொடுவார்கள். அப்படியும் விரல் எல்லாம் கறுத்துப் போயிருக்கும். அஞ்சலையிடம் கைரேகை வாங்க எங்கள் ஆட்கள் பட்ட பாடு பெரும் பாடு. ரேகையே விழவில்லை.

பட்டம்மாவின் மகன் பிரபு. ரோட்டோரம் இரண்டு சக்கர வண்டி மெக்கானிக் கடை வைத்திருந்தான். கடையில் வண்டி நிற்பதைவிடப் பையன்கள் நிற்பதுதான் அதிகம் என்று ஊரில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் அதே ஊர் வாய், ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல் என்றால் தானாகவே மூடிக்கொள்ளும். அதற்கு உலைமூடியே தேவையில்லை.

ஒருநாள் தகவல் வந்து இன்ஸ்பெக்டர் ஆட்களோடு கொல்லைக்குப் போனார். நான் ஜீப்போடு தெருமுனையில் நின்றேன். ஒரு கான்ஸ்டபிள் குவியலுக்குள் கையை விடப் போயிருக்கிறார். உடனே அஞ்சலையின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"சார் சார், கைய வுடாதீங்க! அதுல கை வைக்காதீங்க சார்!"

நல்லதுக்குச் சொன்ன வார்த்தை. இன்ஸ்பெக்டர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "ஏன் கைய வைக்கக் கூடாது? உள்ள என்ன வச்சிருக்க?" என்றார். மண்வெட்டியால் தள்ளிப் பார்த்தார்கள். அடியில் சிமெண்ட் சாக்கு ஒன்று. சாக்குக்குள் பொட்டலங்கள்.

குவியல் அஞ்சலையுடையது. கை வைக்காதே என்று தடுத்ததும் அஞ்சலை. அந்த அம்மாவைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றினோம்.

ஸ்டேஷனில் பெண் காவலர் விசாரித்தபோது அவர் அழவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் பக்கத்து மேசையில் சம்மன் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"போன வாரம் ஒரு நாள் காலையில ஆட்டுக்குத் தழ போட வந்தேன். இந்தப் பய பிரபு கொட்ட ஓட்டுக்குள்ள கைய முழங்கை வரைக்கும் வுட்டுக்கிட்டு நிக்கறான். என்னடா பண்றன்னேன். கோழி முட்ட போட்டிருக்கான்னு பாக்கறேன் சின்னம்மான்னான். எங்க வூட்டுல ஏதுடா கோழின்னு சிரிச்சேன். மத்தியானம் பாத்தா ரெண்டு கையும் வெந்து பொத்துப் போயி வந்து நிக்கறான். தேங்கா எண்ண தடவி வுட்டேன். விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். நான் வளத்த புள்ளைங்க அது. முந்திரி ஊருல பொறந்துட்டு இதுகூடத் தெரியலையாடான்னு திட்டிக்கிட்டே தடவி வுட்டேன்."

இதைவிட நல்ல சாட்சியம் எங்கே கிடைக்கும்? அந்தக் கொப்புளத்தைக் கடவுளே போட்டுக் கொடுத்த கையெழுத்து என்று நினைத்தேன்.

வாக்குமூலத்தை எழுதிய ரைட்டர் கெட்டவர் இல்லை. வேகமான கை அவருக்கு. ஒரு நாளைக்கு அத்தனை கேஸ் எழுதுகிறவருக்குக் கோழி முட்டையையும் தேங்காய் எண்ணெயையும் எழுத நேரம் ஏது? "அதெல்லாம் எதுக்கும்மா? பாத்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார். பார்த்தேன் என்றார் அஞ்சலை. எல்லாக் கஞ்சா வழக்குக்கும் எழுதுகிற அதே வாசகத்தை எழுதினார். "மேற்படி எதிரியானவர் கஞ்சாப் பொட்டலங்களை விற்பனை செய்யும் நோக்கத்துடன் பதுக்கி வைத்ததையும், அடையாளம் தெரியாத நபர்களுக்கு விற்பனை செய்ததையும் நான் நேரில் பார்த்தேன்." எழுதிவிட்டு, கேஸுக்குப் பலமாக எழுதியிருக்கிறோம் என்ற நிம்மதியோடு டீ குடிக்கப் போனார்.

அஞ்சலை சாட்சியானார். கோர்ட் பாஷையில் பிரபு எதிரியானான், குற்றம் சாட்டப்பட்டவன். அவனைப் பிடிப்பதற்குள் கை ஆறத் தொடங்கிவிட்டது. கையைப் பாருங்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லவும் இல்லை. காகிதத்தில் கை என்ற பேச்சே இல்லையே.

பிறகு வாய்தா. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறப்பு நீதிமன்றம் வெளி மாவட்டத்தில். கும்பகோணம் போய் பஸ் மாறிப் போக வேண்டும். போனால் அன்றைக்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அஞ்சலை கூலியை விட்டுவிட்டு வருவார், திரும்புவார். பிரபு ஜாமீனில் வெளியே வந்து அதே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். பட்டம்மா தினமும் வாசல் தெளிக்கும்போது தண்ணீரோடு நாலு வார்த்தையும் தெளிப்பாராம். "கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவய்யா. இப்ப எங்க வூட்டு நாயிகூட என்னப் பாத்துக் கொலைக்குது" என்று ஒருநாள் பஸ்ஸில் அஞ்சலை சொன்னார்.

சோதனையின்போது கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் ஊர்க்காரர்கள். கூண்டில் ஏறி, ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பிறழ்ந்துவிட்டார்கள். மிச்சம் எங்கள் ஆட்களும் அஞ்சலையும்தான். எங்கள் ஆட்கள் சாக்கு கிடைத்த இடத்தைச் சொல்லலாம். அந்த இடம் அஞ்சலையுடைய இடம். சாக்கைப் பிரபுவோடு முடிச்சுப் போட அஞ்சலையின் வாய் ஒன்றுதான் இருந்தது.

அவரை விசாரிக்கும் நாள் வந்தது. காலையில் இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார்: "யோவ் ஏட்டு, அந்தம்மா வரிக்கு வரி சொல்லணும்யா. ஒரு வரி நழுவுனாலும் போச்சு."

வராந்தாவில் அஞ்சலை சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் காது கொடுத்தேன். "மேற்படி எதிரியானவர்... விற்பனை செய்யும் நோக்கத்துடன்..." ரைட்டர் முதல்நாளே வரச்சொல்லிப் பாடம் கொடுத்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார்.

வராந்தாவின் அந்த முனையில் பட்டம்மா. "ஏண்டி, பரீட்சைக்குப் படிக்கிறியா? பாஸாயிட்டா போலீஸ்ல வேல குடுக்கறாங்களா?"

"நீ ஒம் புள்ளைக்கு ஒழுங்கா பாடம் சொல்லிக் குடுத்திருந்தா நான் ஏங்க்கா இந்த வயசுல படிக்கிறேன்?"

பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா சிரித்துவிட்டார். அஞ்சலை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டய்யா, ஒன்னு கேக்கணும். அந்த எழுத்துல இருக்கறதச் சொல்லவா, நான் பாத்ததச் சொல்லவா?"

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். யோசிக்க அவகாசம் தராமல் வரும். உள்ளே டவாலி பெயரைக் கூப்பிடப் போகிற நேரத்தில்தான் வரும். இன்ஸ்பெக்டரின் குரல் ஒரு காதில் இருந்தது. எழுத்தில் இருப்பதைச் சொன்னால் வழக்கு நின்றாலும் நிற்கும். ஊரைக் கெடுக்கிறவன் உள்ளே போவான். அதில் தப்பென்ன என்று ஒரு மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்த அம்மா பொட்டலத்தைப் பார்க்கவில்லை, விற்றதையும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லி ஒருவனை உள்ளே தள்ளப் பழகிவிட்டால், நாளைக்கு ஒன்றும் செய்யாதவனுக்கும் அதே வாசகம்தான். ரைட்டரின் பேனா ஆள் பார்த்தா எழுதுகிறது?

"பாத்ததச் சொல்லும்மா. பாக்காததக் கேட்டா பாக்கலன்னு சொல்லு."

"அப்புடிச் சொன்னா கேஸு நிக்குமாய்யா?"

"தெரியாதும்மா."

"நிக்கலைன்னா? எங் குப்பையில கெடந்ததுன்னு என்னத் தூக்கி உள்ள வெச்சிருவாங்களா? அவன் வெளிய வந்துட்டா நான் எங்க போறது? ஒரே செவுருய்யா எங்களுக்கு."

ஒன்றும் ஆகாது என்று பொய்த் தைரியம் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பொய்யச் சொல்லி ஜெயிச்சிட்டு அக்கா மூஞ்சியில தெனம் முழிக்க முடியாதுய்யா. உண்மையச் சொல்லித் தோத்தா முழிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூண்டில் நன்றாகத்தான் சொன்னார். கோழி முட்டை, கொப்புளம், தேங்காய் எண்ணெய் எல்லாம் வந்தது. அரசு வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. எதிரியின் கையைப் பார்க்க வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். பிரபு கூச்சமே இல்லாமல் இரண்டு கையையும் விரித்து நீட்டினான். உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "மெக்கானிக்குங்க. சைலன்சர் சுட்டதுங்க" என்றான். நீதிபதி பார்த்தார், குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். அவர் என்ன செய்வார்? மெக்கானிக் கையில் சூடு இருக்கத்தான் செய்யும்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சத்தமே போடவில்லை அவர்.

"பொட்டலத்தைக் கண்ணால பாத்தீங்களாம்மா?"

"இல்லைங்க."

"யாருக்காவது வித்ததப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"பாத்தேன்னு போலீஸ்ல சொன்னதா எழுதியிருக்கே?"

"எழுதியிருக்காங்க. நான் சொல்லலைங்க."

"கை வெந்த கதைய போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேங்க."

"அதுல ஒரு எழுத்துகூட இல்லையேம்மா?"

"நான் சொன்னேங்க. அவருதான் எழுதலைங்க."

"ஆக, நீங்க சொன்னத அவங்க எழுதல. அவங்க எழுதினத நீங்க சொல்லல. குப்பை மட்டும் உங்களோடது. சரிதானேம்மா?"

அஞ்சலை நீதிபதியைப் பார்த்தார். அரசு வக்கீலைப் பார்த்தார். கடைசியில் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "குப்ப என்னோடதுதாங்க" என்றார். வேறு என்ன சொல்வார்?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். அந்த அம்மாவின் சட்டியில் எல்லாம் இருந்தது. நடுவில் ஒருவர் அதைக் கொட்டிவிட்டு வேறு எதையோ ஊற்றி வைத்திருந்தார். கோர்ட்டில் அகப்பையை விட்டபோது அசல் சோறும் வந்தது, அவர் ஊற்றியதும் வந்தது. அதன் பிறகு அசல் சோற்றை யாரும் நம்பவில்லை. முதல் நாளே சொன்ன உண்மை, கோர்ட்டில் முதல்முறையாக முளைத்த கதை ஆகிவிட்டது.

தீர்ப்பு நாளில் சாட்சி வர வேண்டியதில்லை. நானும் வரேன் என்று அஞ்சலை வந்தார். பிரபு விடுதலை. இந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நீதிபதி சொல்லவில்லை. தன் இடத்தில் பொருள் கிடைத்த ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும்போது, அந்த வார்த்தைக்கு வெளியில் ஏதாவது ஒரு தாங்கல் வேண்டும், இங்கே அது இல்லை என்றுதான் சொன்னார். நல்லவேளையாக அஞ்சலை பேரில் எதுவும் திரும்பவில்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வேறு தீர்ப்பு எழுதியிருக்க முடியாது. அதை நினைத்தால்தான் எனக்கு அலுப்பாக இருக்கிறது. யாரையாவது திட்டித் தீர்க்க முடிந்தால் மனசு ஆறும். திட்டுவதற்கு ஆள் இல்லை.

அதனால் சாட்சி மட்டும் போதுமா என்று என்னைக் கேட்காதீர்கள். சாட்சி சொன்னதை அப்படியே எழுதினீர்களா என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு, கோழி, தேங்காய் எண்ணெய் என்று அவர்கள் இழுத்துக்கொண்டு போகும்போது உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், எழுதுங்கள். பிறகு அந்தக் கொப்புளத்தைத் தேடிக்கொண்டு நீங்கள் போக வேண்டும், ஆறுவதற்குள். அவர்கள் சொன்ன ஒரு வார்த்தைக்கு வெளியிலிருந்து ஒரு முட்டுக் கொடுப்பது நம் வேலை. நமக்காக அவர்களை முட்டுக் கொடுக்க வைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் எல்லாம் சாய்கிறது.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

தீர்ப்பு முடிந்து கும்பகோணம் வந்தோம். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி அஞ்சலைக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து நானும் உட்கார்ந்தேன். பஸ் நகரும்போது ஓடி வந்து ஏறினார்கள், பட்டம்மாவும் பிரபுவும். ஒரே ஊருக்குப் போகிறவர்கள், அந்த நேரத்துக்கு அந்த ஒரு பஸ்தான். பட்டம்மாவுக்கு முன்னால் ஒரு சீட் கிடைத்தது. பிரபு கூட்டத்தில் நெருக்கப்பட்டு எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மேல்கம்பியைப் பிடித்தான். வெளுத்த திட்டு விழுந்த உள்ளங்கை அஞ்சலையின் முகத்துக்கு நேராக இருந்தது.

அஞ்சலை அந்தக் கையைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவன் பார்த்தான். நீதிபதிக்கு முன்னால் விரித்து நீட்டிய கையை மெதுவாக இறக்கி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

கொள்ளிடம் பாலத்தில் ஏறுவதற்கு முன் ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பிடிமானம் இல்லாமல் நின்றவன் அப்படியே முன்னால் சாய்ந்தான். என் கை நீள்வதற்குள் என்னைத் தாண்டி அஞ்சலையின் கை நீண்டு அவன் முழங்கையைப் பிடித்துவிட்டது. கறுத்த விரல்கள்.

"கம்பியப் புடிச்சுக்கிட்டு நில்லேண்டா. வுழுந்து தொலைக்கப் போற."

முன் சீட்டில் பட்டம்மாவின் தலை பாதி திரும்பி, அப்படியே நின்றது.

பிரபு பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் கம்பியைப் பிடித்தான். அஞ்சலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வரும்வரை அந்தக் கை எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது.